மடியில் ஒரு புத்தகம்: தில்லி வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, தில்லியிலும் அதை ஒட்டிய நொய்டா, குருகிராம் பகுதிகளிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் எழுதியவை. வீட்டில் குழந்தைகளோடு சேர்ந்து புத்தகம் படிப்பதைப் பற்றியே பலரும் கேட்டிருப்பதால், இந்த இதழின் பக்கங்களை அதற்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் மகளுக்கு 6 வயது. பள்ளியில் ஆங்கிலமும் இந்தியும் படிக்கிறாள். நாங்கள் தமிழில் பேசுவது அவளுக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் பதில் இந்தியில்தான் வருகிறது. தமிழில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. முதலில் எழுத்துகளைச் சொல்லிக்கொடுப்போம், கதைப் புத்தகம் பிறகு வாங்கலாம் என்கிறார் என் கணவர். அதுதான் முறையா?
— ஒரு தாய், மயூர் விஹார்

பதில்: காத்திருக்க வேண்டாம், இன்றிரவே படித்துக் காட்டத் தொடங்குங்கள். எழுத்து தெரிந்த பிறகுதான் புத்தகம் என்று வைத்துக்கொண்டால், 12 உயிர், 18 மெய், 216 உயிர்மெய், ஓர் ஆய்தம் என்று 247 எழுத்துகளையும் தாண்டி வந்த பிறகே அந்தக் குழந்தை தன் முதல் கதையைச் சந்திக்க முடியும். அதற்குள் தமிழ் என்றாலே கோடு போட்ட நோட்டும் அம்மாவின் கோபமும்தான் அவள் நினைவுக்கு வரும். தாய் பேசுவது புரிகிறது என்று எழுதியிருக்கிறீர்களே, கதை கேட்பதற்கு வேண்டிய தகுதி முழுவதும் அதிலேயே இருக்கிறது. கண் கற்க வேண்டியதைப் பிறகு கற்கட்டும். காது இப்போதே தயாராக இருக்கிறது.

தமிழில் படித்துக் காட்டும்போது வருகிற ஒரு சிக்கலை மட்டும் நீங்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். வீட்டில் நாம் 'வந்தாங்க', 'போயிட்டான்' என்று பேசுகிறோம். புத்தகத்தில் 'வந்தார்கள்', 'போய்விட்டான்' என்று இருக்கிறது. சென்னையிலோ மதுரையிலோ வளரும் குழந்தை இந்த எழுத்துத் தமிழை வகுப்பறையிலும் செய்தியிலும் மேடைப் பேச்சிலும் நாள்தோறும் கேட்டுப் பழகிவிடுகிறது. தில்லியில் வளரும் குழந்தைக்கு அது எங்கிருந்தும் காதில் விழுவதில்லை. அதனால்தான் முதல் பக்கத்திலேயே குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. புத்தகம் பிடிக்கவில்லை, தமிழ் பிடிக்கவில்லை என்று பெற்றோர் முடிவு செய்துவிடுகிறார்கள். குழந்தைக்குப் புரியாதது வினைச்சொற்களின் முடிவு மட்டுமே.

இதற்கு வழி உண்டு. ஒரு புத்தகத்தை முதல் முறை எடுக்கும்போது, படங்களைக் காட்டிக்கொண்டே உங்கள் வீட்டுப் பேச்சில் கதையைச் சொல்லிவிடுங்கள். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ அதே புத்தகத்தை அச்சில் உள்ளபடி, சற்று நிதானமாகவும் உணர்ச்சியோடும் படியுங்கள். கதை ஏற்கெனவே தெரிந்திருப்பதால் 'அரசர் கோபத்துடன் எழுந்தார்' என்பது அவளைத் தடுமாற வைக்காது. மாறாக, அந்த நடையின் கம்பீரம் குழந்தைகளுக்கு மிகவும் பிடித்துப்போகும், விளையாட்டில் அரசராக வேடம் போடும்போது அதே மாதிரிப் பேசவும் செய்வார்கள். எளிதாக இருக்கிறது என்பதற்காக எப்போதுமே பேச்சுத் தமிழுக்கு மாற்றிச் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். அப்படிச் செய்தால் நூல்களின் தமிழ் அவளிடம் வந்து சேராமலே போய்விடும். பின்னால் அவளே படிக்க நினைக்கும்போது அந்த நடை அந்நியமாகத் தெரியும்.

தெரியாத சொல் வந்தால் நிறுத்தி விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. ஆந்தை என்பது புரியாவிட்டால் படத்தைத் தொட்டுக் காட்டுங்கள், அல்லது 'உல்லு' என்று ஒரு தடவை சொல்லிவிட்டு மேலே போங்கள். அவள் இந்தியில் பதில் சொல்வதைத் திருத்தவும் வேண்டாம். 'ஷேர் பூக்கா ஹை' என்று அவள் சொன்னால், 'ஆமாம், சிங்கத்துக்கு ரொம்பப் பசி, இப்ப என்ன பண்ணப் போகுது பார்' என்று அவள் எண்ணத்தையே தமிழில் திருப்பிச் சொல்லிக் கதையைத் தொடருங்கள். 'தமிழில் சொல்' என்று அதட்டினால் அவள் பேசுவதையே நிறுத்திவிடுவாள்; கதையும் அத்தோடு நின்றுவிடும்.

இன்னொன்றையும் வலியுறுத்திச் சொல்ல விரும்புகிறேன். கதை நேரத்தில் தேர்வு வைக்காதீர்கள். இது என்ன நிறம், எத்தனை பறவை, இந்தக் கதையிலிருந்து என்ன தெரிந்துகொண்டாய் என்ற கேள்விகளெல்லாம் குழந்தையின் முகத்தில் இருக்கும் ஒளியை அணைத்துவிடுகின்றன. நம் கதைப் புத்தகங்கள் பலவற்றின் கடைசியில் 'நீதி' என்று ஒரு வரி அச்சிட்டிருப்பார்கள். அந்த வரியைப் படிக்காமல் புத்தகத்தை மூடிவிடுங்கள். நரி ஏமாந்ததைக் கேட்டுச் சிரித்த குழந்தைக்கு, தான் எதற்காகச் சிரித்தோம் என்பது நன்றாகவே தெரியும்.

உங்கள் கணவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, எழுத்தும் வேண்டும்தான். அதை வேறொரு வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். விடுமுறை நாள் காலையில் சிறிது நேரம் எழுத்துக்கு, இரவு கதைக்கு என்று பிரித்துவிட்டால் ஒன்று மற்றதைக் கெடுக்காது. கதை கேட்டுக்கொண்டே வளரும் குழந்தை ஏதோ ஒரு நாள் தன் பெயரின் முதல் எழுத்து எங்கே இருக்கிறது என்று தானாகவே கேட்கும். அன்று அந்த ஓர் எழுத்தை மட்டும் காட்டுங்கள். பள்ளியிலேயே தமிழ் படிக்க வைக்க நினைத்தால், 1923-இல் தொடங்கிய ஒரு சிறு பள்ளியிலிருந்து வளர்ந்த தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நகரில் ஏழு பள்ளிகளை நடத்துகிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். எந்தப் பள்ளியில் படித்தாலும் இரவுக் கதைக்கு அது ஈடாகாது. புத்தகங்களோடு பாட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குழந்தைக் கவிஞர் அழ. வள்ளியப்பாவின் (1922–1989) பாடல்களில் சொற்கள் எளியவை, சந்தம் துள்ளும். 6 வயதுக் குழந்தை பொருள் முழுவதும் தெரியாமலே அவற்றைப் பாடத் தொடங்கிவிடும்.

கேள்வி: என் பையனுக்கு 3 வயது. ஒரு பேருந்தைப் பற்றிய புத்தகம் வைத்திருக்கிறான். தினமும் அதைத்தான் படிக்கச் சொல்கிறான். வேறு புத்தகத்தைத் தொட்டாலே அழுகை. எனக்கு அலுத்துவிட்டது. இதனால் அவன் வளர்ச்சி தடைபடுமா?
— ஒரு தந்தை, ஆர்.கே. புரம்

பதில்: தடைபடாது. நமக்குப் பிடித்த கீர்த்தனையை எத்தனையோ முறை கேட்ட பிறகும், அடுத்து வரப்போகும் சங்கதிக்காகக் காத்திருப்பதில் ஒரு சுகம் இருக்கிறதல்லவா, உங்கள் மகனுக்கும் அப்படித்தான். அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தது தெரிந்தபடியே வருவதில் 3 வயதுக் குழந்தைக்குப் பெரிய நிம்மதி இருக்கிறது. ஒவ்வொரு வரியிலும் கடைசிச் சொல்லை மட்டும் நீங்கள் சொல்லாமல் நிறுத்திப் பாருங்கள், அவன் முடித்துவைப்பான். வேண்டுமென்றே பேருந்தை ஓட்டுநர் இல்லாமல் கிளப்பிவிடுங்கள். அவன் உங்களைத் திருத்துவான், அன்று உங்களுக்கு அலுப்பே இருக்காது. புதிய புத்தகத்தைப் பழையதற்கு மாற்றாக நீட்டாமல், பழையதைப் படித்து முடித்த பிறகு கூடுதலாக எடுத்து வையுங்கள். சில இரவுகளில் அம்மாவோ தாத்தாவோ அதே பேருந்தை ஓட்டட்டும். குரல் மாறும்போது பழைய கதையும் கொஞ்சம் புதிதாகும்.

கேள்வி: கும்பகோணத்திலிருந்து மகன் வீட்டுக்கு வந்து தங்கியிருக்கிறேன். பேரனுக்கு 4 வயது. எனக்குத் தெரிந்த கதைகளைச் சொல்ல ஆசை. ஆனால் பாதியிலேயே எழுந்து கைப்பேசியைத் தேடிப் போகிறான். என் கதை அவனுக்குப் பிடிக்கவில்லை என்று மனம் வருந்துகிறது.
— ஒரு பாட்டி, ஜனக்புரி

பதில்: அம்மா, நீங்கள் வருந்த வேண்டாம். உங்கள் கதையில் குறை எதுவும் இல்லை. நொடிக்கு நொடி படம் மாறும் திரைக்குப் பழகிய குழந்தைக்கு, குரலை மட்டும் கேட்டு மனத்திலே படம் வரைந்துகொள்வது தொடக்கத்தில் கடினமாக இருக்கும். உட்கார வைத்துக் கதை சொல்வதைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். நீங்கள் பட்டாணி உரிக்கும்போது அவனையும் உரிக்கச் சொல்லி, கை வேலையாக இருக்கும் நேரத்தில் கதையை ஆரம்பியுங்கள். தில்லியின் குளிர்காலத்தில் கிலோக் கணக்கில் பட்டாணி உரிக்காத வீடு எது? சிறிய கதையாக, வடை சுட்ட பாட்டியின் கதையைப் போலத் திரும்பத் திரும்ப ஒரே பேச்சு வருகிற கதையாக, எடுத்துக்கொள்ளுங்கள். காக்கை பேச வேண்டிய இடம் வந்ததும் நீங்கள் நிறுத்திவிடுங்கள்; கரைகிற வேலை பேரனுடையது. அவன் கதையை மாற்றினால் மாற்றிக்கொள்ளட்டும். வடைக்குப் பதில் பராத்தா என்றால் பராத்தாவாகவே இருக்கட்டும்.

கைப்பேசியைத் திட்டிக்கொண்டே கதை சொல்ல வேண்டாம். அப்போது கதை ஒரு தண்டனையாக மாறிவிடும். ஆனால் உங்கள் மகனிடமும் மருமகளிடமும் ஒரு செய்தியைச் சொல்லுங்கள்: 2 முதல் 4 வயது வரையிலான குழந்தைகள் உட்கார்ந்தபடி திரை பார்க்கும் நேரம் ஒரு நாளில் ஒரு மணிக்கு மிகக்கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதல் கூறுகிறது. உட்கார்ந்திருக்கும் வேளையில் பெரியவர் ஒருவர் படித்துக் காட்டுவதையும் கதை சொல்வதையும் அதே வழிகாட்டுதல் ஊக்குவிக்கிறது. நீங்கள் செய்ய விரும்புவது அதையேதான். நீங்கள் ஊர் திரும்புவதற்குள் அந்தக் கதைகளை மருமகளுக்கும் சொல்லிவைத்துவிட்டுப் போங்கள். கும்பகோணத்துக் கதைகள் ஜனக்புரியில் நிலைத்திருக்க அதுவே வழி.

கேள்வி: குருகிராமில் வேலை. வீடு திரும்ப இரவு 9 மணி ஆகிவிடுகிறது, குழந்தை தூங்கிவிடுகிறாள். நான் எப்போது படித்துக் காட்டுவது?
— ஒரு தந்தை, துவாரகா

பதில்: இரவில்தான் படிக்க வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. பள்ளிப் பேருந்து வருவதற்கு முன்னால், அவள் பால் குடிக்கும் நேரத்தில், நான்கு பக்கம் போதும். ஞாயிற்றுக்கிழமை காலையை முழுவதும் அவளுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரிக் குளிர்கால விடுமுறையையும், நவம்பரில் காற்று மாசு மிகுந்து பள்ளிகளை மூடிவிடுகிற நாட்களையும் எண்ணிப் பாருங்கள். வெளியே விளையாட முடியாமல் வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் அந்த நாட்களில், வீட்டிலிருந்து வேலை செய்ய உங்களுக்கு அனுமதி கிடைத்தால், ரஜாய் என்கிற பஞ்சுப் போர்வைக்குள் புகுந்துகொண்டு படிக்கலாம். வெளியூர் போகும்போது உங்கள் குரலைப் பதிவு செய்து வைத்துவிட்டுப் போவதிலும் தவறில்லை. ஆனால் ஊரில் இருக்கும் நாளில் பதிவை ஓடவிட்டு நீங்கள் மடிக்கணினியைத் திறக்காதீர்கள்.

கேள்வி: நான் தமிழ்ப் பெண், கணவர் பஞ்சாபி. எங்களுக்குள் பேசிக்கொள்வது இந்தியில். குழந்தைக்கு ஒரு வயது முடிந்துவிட்டது. தமிழில் படித்துக் காட்ட எனக்கு ஆசை, ஆனால் அவரும் மாமியாரும் ஒதுங்கி உட்கார நேரிடுமோ என்று தயக்கம். தில்லியில் தமிழ்க் குழந்தை நூல்கள் எங்கே கிடைக்கும் என்பதையும் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, ராஜோரி கார்டன்

பதில்: ஒரே படப்புத்தகத்தைத் தமிழிலும் இந்தியிலும் வாங்குங்கள். உங்கள் தயக்கத்துக்கு இதைவிட நல்ல மருந்து எனக்குத் தெரியவில்லை. நீங்கள் தமிழில் படித்த அதே யானையை மறுநாள் மாமியார் இந்தியில் படித்துக் காட்டட்டும். அவருக்குப் பஞ்சாபியில் சொல்லத் தோன்றினால் படங்களைப் பார்த்துப் பஞ்சாபியிலேயே சொல்லட்டும். குழந்தைகள் மொழிகளை ஆட்களோடு சேர்த்துப் பிரித்துவைத்துக்கொள்வதில் மிகத் தேர்ந்தவர்கள். அம்மாவிடம் ஒன்று, பாட்டியிடம் ஒன்று என்று அவள் அறையைக் கடக்கும் நேரத்தில் மொழியை மாற்றுவதைப் பார்க்கத்தான் போகிறீர்கள். நீங்கள் படிக்கும்போது கணவரும் பக்கத்தில் இருக்கட்டும். குழந்தை கற்கும் தமிழில் ஒரு பங்கு அவருக்கும் கிடைக்கும்.

இப்படி ஒரே நூலைப் பல மொழிகளில் வெளியிடும் பதிப்பகங்கள் நம்மிடம் இருக்கின்றன. அது இந்தியக் குழந்தைகளுக்குக் கிடைத்த பெரும் பேறு. 1957-இல் நிறுவப்பட்ட நேஷனல் புக் டிரஸ்ட், 'நேரு பால புஸ்தகாலய' என்ற வரிசையில் குறைந்த விலையில் படக்கதைகளைப் பல இந்திய மொழிகளில் கொண்டுவருகிறது. அதன் தலைமையகம் உங்கள் நகரத்திலேயே, வசந்த் குஞ்சில் இருக்கிறது; 1993-இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தை இலக்கிய மையமும் அந்த நிறுவனத்தைச் சேர்ந்ததுதான். சென்னையில் 1996 முதல் இயங்கும் தூலிகா பதிப்பகம் தமிழ், இந்தி உள்ளிட்ட ஒன்பது மொழிகளில் படப்புத்தகங்களை வெளியிடுகிறது, அஞ்சலில் வரவழைக்கலாம். பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் என்ற இணையத்தளத்தில் ஒரே கதையின் தமிழ் வடிவமும் இந்தி வடிவமும் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றைத் திரையில் காட்டுவதைவிட அச்சிட்டுத் தைத்துக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன். ஆர்.கே. புரத்தில் உள்ள தில்லித் தமிழ்ச் சங்கம் 1946-இல் தொடங்கப்பட்டது. அங்கே நூலகம் இருக்கிறது, ஒரு முறை போய்ப் பாருங்கள். பிரகதி மைதானத்தில் நடக்கும் உலகப் புத்தகக் கண்காட்சிக்குக் குடும்பத்தோடு போங்கள். குழந்தை தானே கைநீட்டி எடுத்த புத்தகத்தை, அது உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும், வாங்கிக்கொடுங்கள். மதிய நேரம் மிச்சமிருந்தால் பஹதூர் ஷா ஜஃபர் மார்கில் உள்ள நேரு இல்லத்தையும் எட்டிப்பாருங்கள். கேலிச்சித்திரக்காரர் சங்கர் 1957-இல் நிறுவிய சில்ட்ரன்ஸ் புக் டிரஸ்டும், அவர் உருவாக்கிய பொம்மை அருங்காட்சியகமும் ஒரே கட்டடத்தில் இருக்கின்றன.

கேள்வி: மகளுக்கு 11 வயது. ஆங்கிலக் காமிக்ஸ் தவிர எதையும் தொடுவதில்லை. தமிழ் பேசுவாள், மெதுவாகப் படிக்கவும் தெரியும். இந்த வயதிலும் நாங்கள் படித்துக் காட்டலாமா? காமிக்ஸை நிறுத்திவிடலாமா?
— பெற்றோர், நொய்டா

பதில்: காமிக்ஸை நிறுத்தாதீர்கள். படமும் சொல்லும் சேர்ந்து நகரும் கதையைத் தொடர்ந்து செல்வதும் வாசிப்புதான். அதற்கும் கவனம் வேண்டும், கற்பனை வேண்டும். தமிழிலேயே காமிக்ஸுக்கு நீண்ட மரபு இருக்கிறது. சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் வரத் தொடங்கின. உங்கள் தலைமுறையில் பலருக்கு வாசிப்புப் பழக்கமே அவற்றில்தான் ஏற்பட்டது. இப்போதும் அவை வெளிவருகின்றன. ஒன்றை வாங்கி நீங்கள் முதலில் ரசித்துப் படியுங்கள். அவளிடம் நீட்ட வேண்டாம். சாப்பாட்டு மேசையிலேயே விட்டுவையுங்கள். பேச்சுக் குமிழிகளில் வாக்கியங்கள் சிறியவை என்பதால், மெதுவாகப் படிக்கும் குழந்தைக்கும் மலைப்பாக இருக்காது.

11 வயதில் படித்துக் காட்டலாமா என்ற கேள்விக்கு என் பதில், கட்டாயம் படித்துக் காட்டுங்கள் என்பதே. குழந்தைக்குத் தானாகப் படிக்கத் தெரிந்தவுடன் பெற்றோர் நிறுத்திவிடுவதுதான் நம் வீடுகளில் நடக்கும் பெரிய இழப்பு. அவளால் தமிழில் தட்டுத்தடுமாறிப் படிக்க முடிகிற கதை 6 வயதுக் குழந்தைக்கானதாக இருக்கும். அவள் அறிவு விரும்புவது 11 வயதுக்குரிய கதையை. இந்த இடைவெளியை உங்கள் குரல்தான் நிரப்ப முடியும். நீண்ட கதை ஒன்றை எடுத்து, இரவுக்கு ஓர் அத்தியாயமாகப் படியுங்கள். முக்கியமான இடத்தில் நிறுத்துங்கள். மறுநாள் நீங்கள் வருவதற்குள் அடுத்த பக்கத்தை அவளே தட்டுத்தடுமாறிப் படித்துவிட்டிருந்தால், கண்டுகொள்ளாமல் அங்கிருந்து தொடருங்கள். எதைத் தேர்ந்தெடுப்பது என்று தெரியாவிட்டால், சாகித்திய அகாதெமி 2010 முதல் ஆண்டுதோறும் குழந்தை இலக்கியத்துக்கு வழங்கும் பால சாகித்திய புரஸ்காரின் தமிழ்ப் பட்டியலைப் பாருங்கள். மண்டி ஹவுஸ் அருகே உள்ள அகாதெமியின் ரவீந்திர பவனுக்கு நொய்டாவிலிருந்து மெட்ரோவில் நேராகவே வந்துவிடலாம். பட்டியலில் உள்ள எல்லாமே அவளுக்குப் பிடிக்கும் என்று நான் சொல்லவில்லை. இரண்டு அத்தியாயத்துக்குப் பிறகும் அவள் கொட்டாவி விட்டால் அந்தப் புத்தகத்தை மூடிவிட்டு இன்னொன்றை எடுங்கள்.

கேள்வி: ஒன்றரை வயதுப் பேத்தி எல்லாப் புத்தகங்களையும் கிழித்துவிடுகிறாள். பெரியவளாகும் வரை அலமாரியில் பூட்டி வைக்கலாமா?
— ஒரு தாத்தா, கரோல் பாக்

பதில்: பூட்ட வேண்டாம் ஐயா. தாளைத் திருப்பக் கற்றுக்கொள்ளும் வயதில் கொஞ்சம் கிழியத்தான் செய்யும். கெட்டி அட்டையில் அச்சான புத்தகங்கள் மூன்று நான்கை மட்டும் அவள் கைக்கு எட்டும் கீழ்த்தட்டில் வையுங்கள். மெல்லிய தாள் புத்தகங்களை மேல்தட்டில் வைத்து, அவளை மடியில் இருத்திக்கொண்டு நீங்கள் படிக்கும்போது மட்டும் எடுங்கள். கிழிந்த பக்கத்தை மெல்லிய வெள்ளைத் தாளும் பசையும் கொண்டு ஒட்டுங்கள். செலோ டேப் சில ஆண்டுகளில் மஞ்சளித்துத் தாளையும் கறையாக்கிவிடும். ஒட்டும்போது அவளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, பசை தடவிய இடத்தை அவளையே அழுத்தச் சொல்லுங்கள்.